பிணை நின்றவன்

இந்த மேசையின் ஒரு கால் கட்டை. பழைய பேப்பரை நாலாக மடித்து அடியில் செருகியிருக்கிறேன், சேர் குறை நினைக்கக் கூடாது. ஆடுகிற மேசையில் எனக்கு எழுத்து ஓடாது.

நான் சொல்லி நீங்கள் பொலிஸ் வாக்குமூலமாக எழுதினால் அது உங்கள் வசனமாகப் போய்விடும். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் பெயர் அப்துல் ஸமட். மருதமுனையில் பிறந்தவன், கல்முனையில் கலியாணம் முடித்தவன். இராணுவத்தில் கோப்ரல், வன்னியில் ஒரு முகாமில் வாகனம் திருத்துகிற இடத்தில் வேலை. என் தங்கை பஸ்னாவின் புருசன் மிஹ்லார் மௌத்தாகி அடக்கமான விசயத்தைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் முதலில் என் பெயரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது ஒன்றும் உங்களுக்கு விளங்காது.

பெயர் என்று நான் சொல்வது பள்ளிக்கூட இடாப்பில் இருந்த பெயரை அல்ல. வங்கிகள் எடுத்துப் பார்க்கிற கிரிப் அறிக்கையில் இருக்கிற பெயரை. நாட்டில் எவன் எந்த வங்கியில் கடன் எடுத்தாலும், எவனுக்கு எவன் பிணை நின்றாலும், எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. ஒழுங்காகக் கட்டினால் சுத்தம். தவறினால் ‘அவன் கிரிப்புல விழுந்துட்டான்’ என்று ஊர் சொல்லும். விழுந்தவனுக்கு எந்த வங்கியிலும் உட்காரக் கதிரை இழுத்துப் போட மாட்டார்கள்.

நீங்கள் பதுளைப் பக்கம் என்றீர்கள், எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. தகப்பனும் சகோதரன்மாரும் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பையோடு அந்த வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் போனேன். என் மனைவி பஹ்மிதாவின் வீடு நல்ல வீடு, முன் விறாந்தைக்கு டைல்ஸ் போட்டது என் காசு. ஆனாலும் சண்டை வந்தால் எழும்பிப் போக வேண்டியவன் நான். முகாமில் கட்டில் அரசாங்கத்துடையது, சீருடையும் அரசாங்கத்துடையது, உடம்பையும் கையெழுத்து வைத்துக் கொடுத்தாயிற்று. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எனக்கென்று மிஞ்சியது பெயர் ஒன்றுதான். நான் அதைப் பார்த்துக்கொண்ட மாதிரி சிலர் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்ப்பதில்லை.

முகாமில் இருக்கிறவனுக்குப் பெயர் கெடுவது லேசு. அவன் காட்டுக்குள் காவல் நிற்பான், ஊரில் தவணை நாள் வந்து போய்விடும். வீட்டுக்குக் காசு அனுப்பியிருப்பான், வீட்டில் அது சுன்னத்துக் கலியாணத்துக்குப் போயிருக்கும். நான் எல்லாக் கடனையும் சம்பளத்திலேயே வெட்ட வைத்திருந்தேன். அடையாள அட்டையின் பிரதியை யாரும் கேட்டால், குறுக்கே கோடு கீறி எதற்குக் கொடுக்கிறேன் என்று எழுதித்தான் கொடுப்பேன். புதிதாக வருகிற பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பேன். முகாமின் பெரியவர் ஒருதரம் என்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, இவனைப் பார்த்துப் பழகுங்கள் என்றார்.

அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு என்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவன்கூட மேசை மாறி உட்கார்ந்தான். ஊருக்கு வந்தால் ‘ஆமிக்காரன்’ என்று கதையை நிற்பாட்டுவார்கள். இரண்டு பக்கமும் சந்தேகப்படுகிற மனிதன் சுத்தமாக இருந்தால் போதாது சேர், சுத்தமாக இருப்பது எழுத்திலும் இருக்க வேண்டும். எனக்கு எழுத்தில் இருந்தது. அந்த நாட்களில் அதுதான் என்னைத் தூங்க வைத்தது.

முகாமில் ஒருவன் என் அட்டைப் பிரதியை எப்படியோ எடுத்து, என் பெயரில் தவணைக்கு ஒரு போன் வாங்கிவிட்டான். பெரியவரிடம் போய் முறையிடலாம், ஆனால் முறைப்பாட்டிலும் என் பெயர்தானே வரும். ஆகவே அவன் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, அவன் வலது கையைக் கட்டிலின் இரும்பில் வைத்துப் பூட்ஸ் காலால் மிதித்தேன். விரல் எலும்புக்குப் பெரிய சத்தம் வராது. வாயைத் துவாயால் பொத்தியிருந்தேன். என்ஜின் மூடி விழுந்துவிட்டது என்று அவனே எல்லாரிடமும் சொன்னான். அடுத்த சம்பளத்தில் முழுதையும் கட்டிவிட்டான். அதற்கு முன் நான் அவனிடம் எத்தனை விதமாகக் கெஞ்சியிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

இனி மிஹ்லார். அவன் கெட்டவன் இல்லை, இதை நான் எழுதத்தான் வேண்டும். மீன் வியாபாரம். காலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பான். வாய் நிறையச் சிரிப்பு. சைக்கிளில் போகிற கிழவிக்கும் ஒரு சூடை மீன் சும்மா போட்டுக் கொடுப்பான். பஸ்னாவுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. வாப்பா இல்லாத வீட்டில் வாக்குக் கொடுத்தது நான். கலியாணம் முடிந்து இரண்டு பெருநாளைக்குள் தங்கைக்கு வீட்டை முடித்துத் தருவேன் என்று சபையில் வைத்துச் சொன்னேன். வங்கியில் வீட்டுக்கடன் எடுத்துத்தான் கட்ட வேண்டும், அதற்கு என் பெயர் இருந்தது. உம்மாவின் வளவில் அத்திவாரம் போட்டு, லிண்டல் மட்டம்வரைக்கும் என் சேமிப்பில் சுவர் எழும்பியது.

கலியாணத்துக்குப் பிறகு மிஹ்லார் ஒரு சின்னப் பட்டா லொறியை லீசிங்கில் எடுக்க வந்தான். அவனுக்குச் சம்பளச் சீட்டு உள்ள பிணைக்காரன் தேவை. நான் யாருக்கும் பிணை நிற்பதில்லை என்று ஊருக்கே தெரியும். என் உம்மா, ஆசியா உம்மா, இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பஸ்னா சோறு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கூடக் கஷ்டம். கடைசியில் மிஹ்லாரே வந்தான்.

“மச்சான், ஆமிக்காரன்ட கையெழுத்துக்குத்தான் அவனுகள் மதிப்புக் குடுக்கிறானுகள். ஒரு மாசம் பிந்தினாலும் என்ட கழுத்தப் புடிங்க.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அதை ஒப்பந்தத்தின் ஒரு வரியாக எடுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

எண்ணெய் தட்டுப்பாடு வந்த வருசம் எல்லாருடைய லொறியும் நின்றது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் வந்த பிறகும் அவன் பிந்தினான். ஒரு மாதம் கட்டுவான், ஒரு மாதம் விடுவான். கேட்டால் மீன் படவில்லை என்பான், ஐஸ் விலை என்பான், நாளைக்கு மச்சான் என்பான். அவனுக்கு அது ஒரு லொறியின் தவணை. அவன் தவறும் ஒவ்வொரு மாதமும் என் பெயருக்குக் கீழே ஒரு கறை ஏறுகிறது என்பது அவன் மூளைக்குள் போகவேயில்லை. லீசிங் கம்பனியிலிருந்து ஒருநாள் முகாமின் அலுவலகத்துக்கே போன் எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்துப் பழகுங்கள் என்று சொன்ன அதே பெரியவர், போனை என் கையில் தந்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லீவில் வந்து வீட்டுக்கடனுக்கு வங்கிக்குப் போனேன். மேனுஜா என்கிற பிள்ளை அங்கே கடன் பகுதியில் இருக்கிறா, மரியாதையான பிள்ளை. அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

“சேர், உங்கட சொந்தக் கடன் எல்லாம் நல்லா இரிக்கி. ஆனா நீங்க பிணை நிண்ட இடத்தில பிழைச்சிரிக்கி. இத வெச்சிட்டு மேல அனுப்பேலாது.”

நிலுவையைக் கட்ட வைத்துவிட்டு, கொஞ்ச மாதம் ஒழுங்காகப் போனதும் வாருங்கள், பார்க்கலாம் என்றும் சொன்னா. நல்ல புத்திதான். பஸ்னா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். சொந்த வீட்டில் பிள்ளை பெற வேண்டும் என்பது அவள் ஆசை. ஊரில் யாரும் என்னிடம் நேரே கேட்கவில்லை, ஆனால் லிண்டல் மட்டத்தோடு நிற்கிற சுவரைப் பார்த்துக்கொண்டு போகாதவர்கள் இல்லை.

அடுத்த நாள் காலையில் கரைக்குப் போனேன். மிஹ்லார் ஐஸ் தண்ணீர் நிறைந்த நீலப் பரல் பீப்பாயில் மீன் கழுவிக்கொண்டு நின்றான். பின்னால் போய்ப் பிடரியைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். தோணிக்காரர்கள் மச்சானும் மச்சானும் விளையாடுகிறார்கள் என்று சிரித்தார்கள். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். கால் மணலை உதைப்பது நிற்கப் போகிற நேரத்தில் தூக்கினேன். அவன் வாயால் தண்ணீரும் மீன் செதிலும் வந்தது. காதுக்குள் ஒரே ஒரு சொல் சொன்னேன், தவணை என்று. அவன் பஸ்னாவிடம்கூட இதைச் சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். அவன் குணம் அப்படி.

இரண்டு மாதம் கட்டினான். பிறகு மறுபடியும் பழைய கதை. பயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது, வீட்டில் அரிசி இல்லாத நாளில் அது வேலை செய்யாது என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு விளங்கியது வேறு. லீசிங் ஒப்பந்தத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை இந்தக் கரையில் முழுதாக வாசித்தவன் நானாகத்தான் இருப்பேன். கடன் எடுத்தவன் இறந்தால் மிச்சக் கடனைக் காப்புறுதி கட்டிவிடும். கணக்கு மூடப்படும். பிணைக்காரனுக்கு விடுதலை. உயிரோடு இருக்கிற மிஹ்லாரால் என் பெயரை ஒவ்வொரு மாதமும் அழுக்காக்க முடியும். மௌத்தான மிஹ்லாரால் முடியாது. இதில் கோபம் எதுவும் இல்லை சேர். சுவருக்குள் வேர் விடுகிற மரத்தை வெட்டுகிறவனுக்கு மரத்தோடு என்ன கோபம்.

அடுத்த லீவில், வீட்டுக்குச் செங்கல் பார்க்க வேண்டும் என்று அவனைக் கூட்டிக்கொண்டு அவன் லொறியிலேயே போனேன். அவனுக்குச் சந்தோசம், வழி நெடுகப் பிள்ளைக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தான். செங்கல் வாடியில் அவன் விலை பேசிக்கொண்டு நின்றபோது, பின் டயரின் வால்வை நான் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். திரும்பி வருகிற வழியில் வயல் நடுவே வாய்க்கால் கரைக்கட்டில் காற்று இறங்கிவிட்டது. நல்ல வெயில். விதைப்பு முடிந்த வயல், ஆள் நடமாட்டம் தூரத்தில்தான். நான் ஜக் வைத்து வண்டியைத் தூக்கினேன். அவன் குந்தியிருந்து டயரின் நட்டுகளைத் தளர்த்தினான். கொஞ்சம் கதைத்தான். பிறகு நான் ஜக்கின் இரும்புக் கம்பியால் அவன் பின்தலையில் அடித்தேன்.

ஒன்று போதும் என்றுதான் நினைத்தேன். அவன் கையை ஊன்றி எழும்பப் பார்த்ததால் இன்னொன்று தேவைப்பட்டது. அதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து ‘மச்சான், தலையில என்னமோ விழுந்துட்டு’ என்றான், நான் அடித்தது அவனுக்கு அப்போதும் தெரியவில்லை. பிறகு டயரை நானே கழற்றி ஒதுக்கிவிட்டு, அவனைக் கக்கத்தில் பிடித்து வண்டிக்குக் கீழே நெஞ்சுவரை இழுத்தேன். மூச்சு இருந்தது. இருக்கத்தான் வேண்டும், உயிர் போன பிறகு நசுங்கினால் டொக்டருக்குத் தெரிந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜக்கை மெதுவாக இறக்கினேன். ஒரே அடியாக விட்டால் வண்டி வழுக்கிவிடும், இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அவன் கால் இரண்டும் கட்டின் மண்ணைக் கொஞ்ச நேரம் பிராண்டின. வாய்க்காலில் கம்பியையும் கையையும் கழுவினேன். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டேன்.

காரைதீவு செல்லத்தம்பி அண்ணர் தன் வயலிலிருந்து ஓடி வந்தார். வந்த மனிதன் ஜக்கைத் தேடவில்லை, லொறியின் அடியைப் பிடித்துத் தனியாகத் தூக்கப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வந்தது, விடவில்லை. ‘தம்பி, நீங்களும் புடியுங்கோ, புடியுங்கோ’ என்று அழுதார். நானும் பிடித்தேன். முன்பின் தெரியாத ஒருவனுக்காக அப்படி அழுகிறவரைப் பார்க்க எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

மரண விசாரணைக்கு வந்த அதிகாரி என் பேச்சை நம்பினார். பின்தலைக் காயம் வண்டியின் இரும்பு பட்டது என்றாயிற்று. அன்றைக்கே அவன் உடல் மையத்தாக வீட்டுக்கு வந்தது. குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன், தலைமாட்டில் நின்றேன். காயத்தைப் பஞ்சு வைத்து நன்றாக மூடினேன். வேறு கை போட்டிருந்தால் பஸ்னா கடைசியாகப் பார்க்கும்போது கபன் துணியில் கசிந்திருக்கும். அவளுக்காக அதையாவது சரியாகச் செய்தேன் என்று ஒரு ஆறுதல் இருக்கிறது.

என் பிழை பள்ளிவாசலில் நடந்தது. எங்கள் வழக்கம், தொழுவிப்பதற்கு முன் மையத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் சபைக்கு முன் நின்று, இவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். கடனோடு ஒருவனை மண்ணுக்குள் அனுப்பக் கூடாது. மிஹ்லாருக்கு வாப்பா இல்லை, தம்பி கட்டாரில். ஆகவே நான் நின்றேன். அத்தனை சனமும் என்னைப் பார்த்தது. ஆமிக்காரன் என்று கதையை நிற்பாட்டுகிற அதே சனம். அந்த நேரத்தில் என் பெயர் எனக்கே மினுங்குவது போல இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஒரு வசனம் கூடச் சேர்த்துவிட்டேன். லொறிக்கு மிஹ்லார் வைத்துவிட்டுப் போன நிலுவையையும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

முதல் வரிசையில் முகைதீன்பாவா காக்கா நின்றார், கல்முனையில் மீன் மொத்த வியாபாரி, மிஹ்லாருக்கு அடிக்கடி கைகொடுக்கிறவர். அடக்கம் முடிந்தது. வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, லொறிட நிலுவ ஒண்டும் இல்லியே. முந்தா நாள் நான்தான் காசி குடுத்து, நானும் அவனும் போய்க் கட்டின. செங்கல் பாக்கப் போறக்குள்ள மச்சானிட்டச் சொல்லப் போறன் எண்டானே. உங்களுக்குச் சொல்லல்லயா?”

இல்லை காக்கா, சொல்லவில்லை என்றேன். அவர் என் முகத்தை நிறைய நேரம் பார்த்தார். அந்தக் காசை நான் தருகிறேன், சபையில் பொறுப்பேற்றிருக்கிறேன் என்றேன். காசு வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறார். நீங்கள் நீதிமன்றக் கட்டளையோடு கபுரைத் தோண்டி, பின்தலையில் இருப்பது ஒரு காயம் அல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தீர்கள். என்னைப் பிடிக்க வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் பஸ்னாவைப் பார்க்கப் போயிருந்தேன். புருசன் மௌத்தானதற்கு இத்தா இருக்கிறாள், பிள்ளை பிறக்கும்வரை வெளியே வர மாட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, இனித் தடை ஒன்றும் இல்லை, வீட்டுக்கடன் கிடைத்துவிடும், பிள்ளைக்கு முன் கூரை போட்டுவிடலாம் என்றேன். ‘எனக்கு வீடு வேணாம் காக்கா’ என்றாள். சோகத்தில் சொல்கிறாள், ஆறினால் சரியாகிவிடுவாள். இதையெல்லாம் நான் யாருக்காகச் செய்தேன் என்று அவளுக்கு ஒருநாள் விளங்கும். வங்கி என்ன முடிவு எடுக்கும் என்று நீங்கள் விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. நிலுவை கட்டியாயிற்று என்று மிஹ்லார் உன்னிடம் சொன்னானா இல்லையா என்று. முகைதீன்பாவா காக்காவுக்கு நான் சொன்ன பதில் பொய். பாக்கி வைக்கிற பழக்கம் எனக்கில்லாததால் இதையும் எழுதுகிறேன்.

வாய்க்கால் கட்டில் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தவன், ஸ்பேனரை வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினான். பணம் கட்டிய ரசீதின் படம்.

“பாருங்க மச்சான், முழுசும் கட்டிட்டன். இனி உங்கட பேருக்கு ஒரு தூசும் இல்ல. வீட்டக் கெதியா முடிச்சிருவம்.”

வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். கம்பனியின் முத்திரை, ஒப்பந்த இலக்கம், பிணைக்காரன் என்ற இடத்தில் என் பெயர், நிலுவை இல்லை என்ற வரி. எல்லாம் சரியாக இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்து, நல்லது மச்சான் என்றேன். அவன் சிரித்துக்கொண்டு மறுபடியும் டயர் பக்கம் திரும்பிக் குந்தினான்.

அதற்குப் பிறகுதான் அடித்தேன்.